கழுத்து வலி, ஆபரேஷன் பேச்சு: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தெரிஞ்சவங்க பகிர்வது

பாலக்கோடு

கழுத்து வலின்னு போனா எக்ஸ்ரே எடுத்து "தேய்மானம்"னு சொல்லி பத்து நாள் மாத்திரையும் கழுத்துக்கு ஒரு பட்டையும் கொடுத்து அனுப்புறது வழக்கம். அறுபது தாண்டினவங்கள்ல பெரும்பாலானவங்க எக்ஸ்ரேயில தேய்மானம் தெரியும், வலியே இல்லாதவங்களுக்கும்கூட. எக்ஸ்ரே காட்டுறது எலும்பை. அதுக்குள்ளே போற தண்டுவடம், அதாவது மூளையில இருந்து இறங்குற பெரிய நரம்புக் கத்தை, நசுங்கியிருக்கான்னு எம்ஆர்ஐ எடுத்தாதான் தெரியும். மாசக்கணக்கு, வருஷக்கணக்குன்னு தாமதம் ஆகுறது இங்கேதான்.

வலி குறைஞ்சா சரியாயிடுச்சுன்னு நம்பிடாதீங்க. தண்டுவடம் நசுங்கும்போது பல பேருக்கு வலி பெருசா இருக்காது. அதனால கையையும் காலையும் பாருங்க. சட்டைப் பட்டன், ஜாக்கெட் ஊக்கு போட நேரம் ஆகுதா, கையெழுத்து மாறிடுச்சா, ஹவாய் செருப்பு கழன்று விழுந்ததுகூட தெரியாம நடக்கறாங்களா, ராத்திரி இருட்டுல சுவத்தைப் பிடிச்சுக்கறாங்களா? உள்ளங்கையை முழுசா மூடி முழுசா விரிக்கச் சொல்லி 10 வினாடி எண்ணுங்க. 20 தடவைக்குக் குறைஞ்சா தண்டுவடத்தைச் சந்தேகப்படணும். மூட்டுவலி, வாதம் இருக்கிற கைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஓசூர், பிசியோதெரபி

பாலக்கோடு அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். தண்டுவடத்துல இருந்து கைக்குப் பிரியற நரம்பு வேர் அழுந்துறது வேற, தண்டுவடமே அழுந்துறது வேற. வேர் அழுந்தினா பெரும்பாலும் ஒரு கையில மட்டும் மின்சாரம் அடிச்ச மாதிரி வலி இறங்கும். கழுத்து நரம்பு வேர்களுக்கு சி6, சி7ன்னு நம்பர் உண்டு. சி6 வேர்னா கட்டைவிரல் பக்கம், சி7ன்னா நடுவிரல், சி8ன்னா சுண்டுவிரல். இதுல பெரும்பாலானவங்க 6 முதல் 12 வாரத்துல ஆபரேஷன் இல்லாமலே தேறிடுவாங்க. கை பலம் குறைஞ்சுக்கிட்டே போனா மட்டும் காத்திருக்கக் கூடாது.

தண்டுவடம் அழுந்தினவங்களுக்கு வேற பேர் வெச்சு அலையவிடறதைத்தான் அதிகம் பார்க்கிறோம். கை மரத்தா மணிக்கட்டுல நரம்பு அழுந்துதுன்னு சொல்லிடறாங்க. மணிக்கட்டுல அழுந்தினா ராத்திரி மரத்து எழுந்து கையை உதறினா சரியாகும், நடை மாறாது. கால் மரத்தா "சுகர்"னு முடிச்சிடறாங்க. சுகர் நரம்புக் கோளாறு ரெண்டு பாதத்துலயும் ஆரம்பிச்சு மேலே ஏறும், முழங்கால்ல சுத்தியலால தட்டினா துள்ளல் குறையும். தண்டுவடக் கோளாறுன்னா துள்ளல் அதிகமாகும். சுத்தியலால ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆனா அந்தத் தட்டை யாரும் தட்டறதில்லை! சுகரும் தண்டுவடமும் சேர்ந்தே இருக்கலாம், அப்போ துள்ளலை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. பி12 குறைவும் இதே மாதிரி தடுமாற்றம் தரும், ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிடும்.

சலூன்ல கழுத்தைச் சொடுக்கு எடுக்கறது, கட்டு வைத்தியத்துல திருப்பறது, எடை கட்டி இழுக்கறது, இது எதுவும் எம்ஆர்ஐ பார்க்காம வேண்டாம்.

பென்னாகரம்

நம்ம மாவட்டத்துக்குன்னே ஒரு காரணம் இருக்கு, அதை யாரும் கேட்கறதில்லை: போர்வெல் தண்ணில ஃபுளோரைடு. குடிநீர்ல லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. வருஷக்கணக்கா அதைத் தாண்டின தண்ணி குடிச்சா எலும்பு அடர்த்தியாகி, கழுத்துக்குள்ளே இருக்கிற தசைநார் எலும்பா மாறி, தண்டுவடம் போற வழி குறுகிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி குடிச்சது எலும்புல தங்கியிருக்கும், சீக்கிரம் போகாது.

பல்லுல பழுப்புக் கறை இருந்தா சந்தேகம் வரும். ஆனா அந்தக் கறை சின்ன வயசுல, பல் உருவாகிற காலத்துல குடிச்சவங்களுக்கு மட்டும்தான். வெளியூர்ல பிறந்து இங்கே வாழ வந்த பெண்களுக்குப் பல் வெள்ளையா இருக்கும், எலும்பு மட்டும் மாறியிருக்கும். திரும்பிப் பார்க்கணும்னா உடம்போட திரும்புவாங்க. அப்படிப்பட்டவங்களுக்கு முன்கையில ஒரு எக்ஸ்ரே எடுத்தா, ரெண்டு எலும்புக்கும் நடுவுல முள் மாதிரி சுண்ணாம்பு தெரியலாம். கழுத்துக்கு எம்ஆர்ஐயோட சிடி ஸ்கேனும் கேளுங்க. எலும்பான தசைநார் எம்ஆர்ஐயில வெறும் கறுப்புப் பட்டையா நிக்கும், எவ்வளவு தடிமன், எங்கே வரைக்கும்னு சிடியிலதான் தெளிவா வரும்.

தண்ணியைக் கொதிக்க வெச்சா ஃபுளோரைடு போகாது, வத்தற அளவுக்கு இன்னும் கூடும்.

சேலம் பக்கம், ஆபரேஷன் தியேட்டர் வேலை

கழுத்து ஆபரேஷனால பலன் இருக்குமா, எப்படிச் செய்வாங்கன்னு பலர் கேட்கறாங்க. கழுத்து வலிக்கு மட்டும்னா பலன் நிச்சயமில்லை. தண்டுவடம் நசுங்கி நடையும் கையும் பாதிச்சிருந்தா, மேலும் கெடாம நிறுத்தறதுதான் முதல் நோக்கம். போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது, தள்ளிப்போட்டா குறைஞ்சுதான் வரும்.

ஒண்ணு ரெண்டு இடத்துல அழுத்தம்னா பெரும்பாலும் முன்பக்கம் வழியா. தொண்டையோரம் சின்னதா கீறி, எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற வட்டை (டிஸ்க்) எடுத்துட்டு, அந்த இடத்துல கேஜ்ங்கற சின்னக் கூடு வெச்சு, தகடும் திருகும் போடுவாங்க. பல இடத்துல அழுத்தம் இருந்தா பின்பக்கம். முன்பக்கம் செஞ்சவங்களுக்கு விழுங்கச் சிரமமும் கரகரப்பான குரலும் சில வாரம் இருக்கலாம். களி உருண்டை வேண்டாம், கூழா கரைச்சுக் கொடுங்க. முதல் ரெண்டு நாள்ல கழுத்து வீங்கி மூச்சு முட்டினா அவசரம், நர்சை உடனே கூப்பிடணும். சீக்கிரம் டிஸ்சார்ஜ் கேட்டு நச்சரிக்காதீங்க. பின்பக்கம் செஞ்சவங்கள்ல சிலருக்குத் தோள் தூக்க முடியாம போகும், பெரும்பாலும் மாசக்கணக்குல திரும்பும். ஃபுளோரைடு எலும்பு கடினமா இருக்கும், தசைநார் தண்டுவட உறையோட ஒட்டியிருக்கும், உறை கிழிஞ்சு நீர் கசியற வாய்ப்பு கூடுதல். போர்வெல் தண்ணி பத்தி டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.

பீடி, சிகரெட் ஆபரேஷன் செஞ்ச இடத்துல எலும்பு ஒண்ணா சேர்றதைத் தாமதப்படுத்தும். சுகரைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா, அதை எப்போ நிறுத்தணும்னு டாக்டர்தான் சொல்லணும்.

காவேரிப்பட்டினம்

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அட்டையில நோயாளி பேர் இருக்கான்னு முன்னாடியே பாருங்க. ஒப்புதல் வாங்கறது மருத்துவமனை வேலை. நீங்க கேட்க வேண்டியது, இந்த மருத்துவமனையில இந்த ஆபரேஷனுக்குத் திட்டம் பொருந்துமான்னு.

எம்ஆர்ஐ போறப்ப தாலிச் சங்கிலி, மெட்டி, கொலுசு, அரைஞாண் எல்லாம் கழட்டணும். மெட்டி இறுகியிருந்தா வீட்லயே சோப்புத் தண்ணி போட்டுக் கழட்டிட்டுப் போங்க. ரிப்போர்ட்டு மட்டும் வாங்காம படமும், அது பதிஞ்ச தட்டும் (கம்ப்யூட்டர்ல போடற சிடி) கேட்டு வாங்குங்க. ரெண்டாவது டாக்டர் பார்க்கறது படத்தைத்தான்.

ஓசூர், பிசியோதெரபி

விட்டுப்போனது ஒண்ணு. ஆபரேஷன் ஆன பிறகு தக்காளிக் கிரேட்டு, தண்ணிக் குடம், மல்பெரிக் கட்டு எதுவும் தலையிலயும் வேண்டாம், தோள்லயும் வேண்டாம். எத்தனை வாரம்னு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லுவார். வண்டி ஓட்டறதும் அப்படித்தான். கழுத்து திரும்பாம பின்னாடி வர்ற லாரியைப் பார்க்க முடியாது.