ஒரே மயக்கத்தில் இதயமும் நுரையீரலும்: அப்பாவுக்கு நடந்தது

மாடி ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது என்றுதான் 67 வயது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். ஆஞ்சியோவில் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்றார்கள். அதற்கு முன்பு எடுத்த சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல் மடலில் ஒரு கட்டி தெரிந்தது. நாற்பது வருடம் புகைத்தவர். இரண்டு நோய்க்கும் வேர் அதுதான் என்று டாக்டர் சொன்னபோது அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை.

எதை முதலில் செய்வது? நுரையீரலில் கை வைத்தால் மயக்கத்திலேயே மாரடைப்பு வரலாம். இதயத்தை முதலில் சரிசெய்தால், உடம்பு தேறி அடுத்த அறுவையைத் தாங்கும்வரை கட்டி உள்ளேயே இருக்கும். புற்றுநோய் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன் எடுத்தார்கள், மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டு நெறிக்கட்டிகளைச் சோதித்தார்கள், ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளந்தார்கள். நெறிக்கட்டியில் பரவவில்லை, மூச்சும் போதுமான அளவு இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் ஒரே அறுவையில் இரண்டையும் முடிக்கலாம் என்ற பேச்சே வந்தது.

கையெழுத்து வாங்கும்போதே சர்ஜன் தெளிவாகச் சொன்னார்: "பைபாஸ் முடிந்ததும் இதயம் தடுமாறினால் நுரையீரலைத் தொட மாட்டேன், மூடிவிட்டு வந்துவிடுவேன்." அந்த ஒரு வாக்கியத்தால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. காத்திருந்த நாலாவது மணி நேரத்தில் ஒரு டாக்டர் வெளியே வந்து, "இதயம் நன்றாக இருக்கிறது, நுரையீரலுக்குப் போகிறோம்" என்றார். அம்மா என் கையை விடவே இல்லை.

அதற்கப்புறம் எங்கள் கண் முழுக்கக் கட்டிலடியில் இருந்த பாட்டில் மேல்தான். நெஞ்சிலிருந்து வரும் குழாய் அதில் தண்ணீருக்குள் முடியும். அப்பா இருமினால் குமிழி வரும். நுரையீரலில் வெட்டிய இடம் இன்னும் காற்றை விடுகிறது என்று அர்த்தம். மடித்த துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுவார். ஆறாம் நாள் காலை இருமினார், தண்ணீர் அசையவில்லை. சிஸ்டரைக் கூப்பிட ஓடினேன்.

*

பதில் (ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்): உங்கள் அப்பாவுக்குக் கட்டி இருந்த இடமும் கைகொடுத்திருக்கிறது. பைபாஸுக்காக நடுநெஞ்சைத் திறந்தால் வலது மேல் மடல் எட்டும் தூரத்தில் இருக்கும். இடது கீழ் மடல் என்றால் இதயமே குறுக்கே நிற்கும். அதற்குப் பக்கவாட்டில் தனியாகத் திறக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்பார்கள்.

இன்னொரு விஷயம், ரத்தம் உறைவது. அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தில் போட்டால், ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் மருந்தை நிறையக் கொடுக்க வேண்டும், அந்த நேரத்தில் நுரையீரலை வெட்டினால் கசிவு நிற்காது. அதனால் இயந்திரத்திலிருந்து எடுத்து, புரோட்டமின் கொடுத்து ஹெபாரினை முறித்த பிறகுதான் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போவார்கள். இதயம் துடிக்கத் துடிக்கவே பைபாஸ் செய்வதும் உண்டு, அதில் இயந்திரம் வேண்டாம், ஹெபாரினும் குறைவு. நான் நின்ற கேஸ்களில், மயக்க டாக்டர் ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்றை நிறுத்தியதும் அது மெல்லச் சுருங்கி அடங்குவதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நிமிடம் எனக்குப் பேச்சு வராது.

*

பதில் (நோயாளி): எனக்கு இந்த வழி கிடைக்கவில்லை. நெஞ்சுவலி என்று போன இடத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அதற்கு முந்தைய எக்ஸ்ரேயிலேயே நிழல் இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. கட்டி தெரிய வந்தபோது ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கும், நிறுத்தாமல் வெட்டினால் ரத்தம் கொட்டும் என்று சில மாதங்கள் தள்ளிப்போனது. அவசர மாரடைப்பு என்றால் வேறு, உயிர்தான் முதலில். எனக்கு அப்படி இல்லை. அவகாசம் இருப்பவர்கள் ஸ்டென்டுக்குச் சம்மதிக்கும் முன் பழைய எக்ஸ்ரேயையும் காட்டிக் கேளுங்கள்.

*

மகள் (முதலில் எழுதியவர்): படிக்கவே மனசு கனக்கிறது அண்ணா. இப்போது எப்படி இருக்கிறீர்கள்?

இன்னொருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார், அதனால் சொல்கிறேன்: எல்லாம் சுலபமாகப் போகவில்லை. மூன்றாம் நாள் அப்பாவுக்கு இதயத்துடிப்பு தாறுமாறானது, மருந்தில் இரண்டு நாளில் அடங்கியது. எடுத்த மடலின் ஓரங்களிலும் நெறிக்கட்டிகளிலும் புற்றுநோய் இல்லை என்று பயாப்ஸி வந்தது. பீடியைத் தொடவில்லை. நாளை ஒரு வருட ஸ்கேன். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.