மரக்கன்றுக்கு முன்னால் ஊருணியின் வரத்துக்கால்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும்.

பக்கத்து நகரத்துச் சேவைச் சங்கத்துடன் கைகோத்து இந்த ஆண்டு நம் ஊரில் ஒரு சுற்றுச்சூழல் பணியைச் செய்வதென்று கொள்கையளவில் முடிவாகியிருக்கிறது. வந்த யோசனைகளில் ஆயிரம் மரக்கன்று நடும் திட்டத்துக்கே ஆதரவு அதிகம் என்பதால், அதில் எனக்கு உடன்பாடில்லாத காரணத்தையும், அதற்கென நாம் சேர்த்து அனுப்பும் பணத்தை எங்கே போட்டால் ஊருக்கு நிலைத்து உதவும் என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நடுவதற்கு நம்மிடம் ஆள் உண்டு. நட்ட கன்றுக்கு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இல்லை. நம் மாவட்டத்துக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்துவிடுகிறது. தை பிறந்தபின் கன்று குடத்துத் தண்ணீரை நம்பித்தான் நிற்க வேண்டும். குடிக்கும் தண்ணீரையே குடம் இவ்வளவு என்று விலைக்கு வாங்கும் தெருக்களில் மரத்துக்கு யார் ஊற்றுவார்கள்? ஆகவே மழைத்தண்ணீரைத் தேக்கிவைக்கும் இடத்திலிருந்து தொடங்குவதே முறை என்பது என் கருத்து.

அந்த இடம் நம் ஊர்க்குளமான ஊருணி. ஊருணி என்றதும் எல்லோரும் தூர் வாருவதைப் பற்றியே பேசுகிறார்கள். உண்மையில் பழுது குழியில் இருப்பதைவிட வரத்துக்காலில்தான் அதிகம் இருக்கிறது. மேட்டு நிலத்து மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கும் அந்தக் கால்வாயில் இன்று சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வீடு இடித்த கட்டடக் கழிவும், தண்ணீர்ப் பாக்கெட் உறைகளும், அரிசிச் சாக்குகளும் அதன் முள்ளில் சிக்கி ஒரு அணைபோலக் குறுக்கே நிற்கின்றன. பெய்த மழை அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் ஓடிக் கடலில் கலக்கிறது. கால்வாயைச் சீர்செய்யாமல் குழியை மட்டும் ஆழப்படுத்தினால் வெறும் பள்ளம்தான் மிஞ்சும்.

ஆழப்படுத்துவதிலும் நம் கரையில் ஓர் ஆபத்து உண்டு. கடலோரத்தில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காகவே நிற்கிறது. ஊருணியின் அடியில் காலங்காலமாகப் படிந்த களிமண்தான் மேலே உள்ள நீரைக் கீழே இறங்காமல் பிடித்து வைத்திருக்கிறது. பொக்லைன் கொண்டு அந்தக் களிமண்ணையும் சேர்த்து வாரிவிட்டால் தேங்கிய நீர் மணலில் இறங்கிவிடும், அல்லது கீழிருந்து உவர்ப்பு ஊறும். அள்ளிய மண்ணை விற்கலாம் என்ற எண்ணமுள்ள ஒப்பந்தக்காரருக்கு ஆழம் லாபம். எனவே எவ்வளவு ஆழம் என்பதை அளந்து எழுதிக்கொடுத்த பிறகே இயந்திரம் இறங்க வேண்டும்; ஊருணியின் பழைய மட்டம் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் நிற்பது அதைவிட நல்லது.

சீமைக்கருவேலத்தைப் பொறுத்தவரை ஊர் முழுவதும் ஒழிப்போம் என்ற முழக்கம் நமக்கு வேண்டாம். அதன் விறகில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. வரத்துக்காலிலும் கரையிலும் உள்ளவற்றை வேரோடு எடுத்தால் போதும். மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்குத் தூரிலிருந்து மறுபடி தழைத்துவிடும். எடுத்த கரையில் ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றலாம். மழைக்கு முன் ஊன்றிய கொட்டைக்குக் குடத்துத் தண்ணீர் வேண்டாம், வேலியும் பெரிதாக வேண்டாம். பலன் தரப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால்தான் யாரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதில்லை.

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு வளர்க்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. இராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமமான காரங்காட்டில் அது செழிக்கிறதென்றால், பாக் விரிகுடாப் பக்கம் கழிமுகச் சேறு இருப்பதால் செழிக்கிறது. மன்னார் வளைகுடாவை நோக்கிய நம் மணற்கரையில், ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் வளரும் இடத்தில் அதைக் கொண்டுபோய் ஊன்றுவது கெடுதல். அங்கே நாம் செய்யக்கூடியது வலைக்கழிவை அகற்றுவது. கிழிந்த நைலான் வலையைக் கரையில் எறிந்தாலும் கடலில் விட்டாலும் அது மட்குவதில்லை, ஆமையையும் மீனையும் பிடித்துக்கொண்டே இருக்கும். மீன் இறங்குமிடத்தில் ஒரு தராசும் கொட்டகையும் வைத்து, பழைய வலையைக் கிலோவுக்கு இவ்வளவு என்று சேவைச் சங்கம் வாங்கிக்கொள்ளட்டும். விலையை மீனவர் சங்கத்தோடு பேசி முடிவு செய்யட்டும். எதிரே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பவை என்பதால், தீவுப் பக்கம் வனத்துறை அனுமதியின்றி எந்தத் துப்புரவுப் படகும் போகக்கூடாது.

இனிப் பணம். இதில் கவனம் தேவை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, இந்தியக் குடிமகனாகவே இருந்து வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் ஓசிஐ என்னும் இந்திய வம்சாவளியினருக்கான அட்டை வைத்திருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடையே. அதைப் பெறும் அமைப்புக்கு உரிய பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுள்ள வேறோர் அமைப்பு வாங்கிக் கைமாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப்பின் கூடாது. ஆகவே எல்லோரும் ஒரே கணக்கில் போட்டுச் சேர்ந்து அனுப்பும் நம் பழைய வழக்கம் இதற்கு ஒத்துவராது.

சேரும் தொகையை மூன்றாண்டுக்குப் பிரித்து வைத்து, அதில் வரத்துக்காலைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் மாதச் சம்பளத்தை முதலில் ஒதுக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கோரிக்கை. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் ‘நமக்கு நாமே’ திட்டத்திலும் முயலலாம். எப்படியானாலும் ஊராட்சியின் ஒப்புதல் இல்லாமல் மண்ணில் கை வைக்க முடியாது. ஆடிக்குள் வேலை முடிய வேண்டுமானால் மே 1 கிராம சபையிலேயே தீர்மானம் நிறைவேற வேண்டும். அன்று ஊரில் இருக்கும் உங்கள் வீட்டாரில் ஒருவரையாவது சென்று கையெழுத்திடச் சொல்லுங்கள்.