மறு: பார்க்கிங் சென்சார்: ‘நிறுத்துணரி’யா, ‘தரிப்புணரி’யா?

> ‘நிறுத்துணரி’ என்றே வைக்கலாமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் வண்டியை நிறுத்திவிடும் கருவி என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். இதன் வேலை, தடை நெருங்கும்போது பீப் அடிப்பதோடு சரி. ‘வாகனத் தரிப்பிடம்’ இலங்கையில் புழங்கும் சொல். அதைத் தொட்டு ‘தரிப்புணரி’ என்பேன். 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதுக் கார்களின் பின்பக்கம் இது கட்டாயம், ஆகவே கையேடுகளில் அடிக்கடி வரும். ‘ஒலியுணரி’ வேண்டாம். ஒலியே இல்லாமல், பம்பருக்குள் உலோகப்பட்டை ஒட்டும் மின்காந்த வகையும் உண்டு.

எனக்கு அவசரமாக வேண்டியது ‘ரிங்கிங்’குக்கு ஒரு சொல். சென்சாரின் முகமான அலுமினியக் கிண்ணத்தின் ஒரே சவ்வுதான் மீயொலியை (நம் காதுக்கு எட்டாத ஒலியை) அனுப்புகிறது, எதிரொலியையும் கேட்கிறது. துடிப்பு நின்ற பிறகும் சவ்வு சற்று நேரம் அதிரும். அதுவரை அதற்குக் காது கேட்காது. 25 செ.மீ. தொலைவிலுள்ள சுவரின் எதிரொலி சுமார் 1.5 மில்லிநொடியில் திரும்பிவிடும். அதற்குள் அதிர்வு அடங்க வேண்டும். ‘அதிர்வெச்சம்’ எனலாமா?

லேசான மோதலில் பம்பர் உள்வாங்கிப் பழையபடி எழும்பிவிடும், வெளியே கீறல்கூட இராது. உள்ளே சென்சாரைத் தாங்கும் பிராக்கெட்டின் காது உடைந்து, சென்சாரைச் சுற்றிய சிலிக்கோன் வளையம் நசுங்கியிருக்கும். அதிர்வு பம்பருக்குப் பரவி நீளும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதையே கிட்டத்துத் தடையாக எண்ணித் தொடர்ந்து பீப் அடிக்கும். சென்சாரைக் கழற்றாமல் மேலேயே தடிமனாகப் பெயின்ட் அடித்தாலும் இதே கதைதான். வளையத்தை மாற்றி, புது பிராக்கெட்டை நேராக ஒட்டுங்கள். கீழ்நோக்கிச் சாய்ந்தால் தரையையே தடையாகக் காட்டும். புது சென்சாரின் முகத்துக்கு, வளையம் மாட்டும் முன், தனியாக மெல்லிய பூச்சு போதும்.

புது சென்சார் வாங்கும் முன் பழையதைச் சோதியுங்கள். எஞ்சின் அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இக்னிஷன் ஆன், ரிவர்ஸ் கியர். விரல் வைத்தால் டிக்டிக் என்ற துடிப்பு தெரியும். துடிக்காததைப் பக்கத்து சென்சாரோடு இடம் மாற்றுங்கள். பழுதும் கூடவே நகர்ந்தால் சென்சார் போயிற்று. அதே இடத்தில் நின்றால் ஒயர், அல்லது கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு.

*

மேலே எழுதியவருக்கு: ‘தரிப்புணரி’க்கு என் வாக்கு. ‘அதிர்வெச்சம்’ வேண்டாம் ஐயா, ‘எச்சம்’ என்றதும் பட்டறையில் காக்கையைத்தான் நினைப்பார்கள். ‘எஞ்சதிர்வு’ எப்படி? “எஞ்சதிர்வு நீண்டால் வளையத்தைப் பார்” என்று குறிப்பு ஒரே வரியில் முடியும்.

இடமாற்றச் சோதனைக்கு ஒரு சேர்க்கை: சில வண்டிகளில் நடு சென்சாருக்கும் ஓர சென்சாருக்கும் உறை வேறு. துளையில் திணிக்காமல் கையில் பிடித்தபடி கனெக்டரை மட்டும் மாட்டிப் பார்க்கட்டும்.