அமுக்கரா தூக்கம் தருமா? எந்த வடிவம், எவ்வளவு, எப்போது நிறுத்துவது?

கரிசல்காடு (இழையைத் தொடங்கியவர்)

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருப்பவர்களைப் பற்றியது இந்த இழை. ஒரு வாரம் பரீட்சை, கல்யாண வேலை என்று தூக்கம் போனவர்களைப் பற்றியது அல்ல. இவர்களிடம் இப்போது எல்லோரும் சொல்வது 'அஸ்வகந்தா சாப்பிடு' என்பதுதான். நம் அமுக்கராவின் இன்னொரு பெயர்தான் அது. நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராப் பொடி, சித்த மருந்துக் கடையில் அமுக்கரா சூரணம், ஆங்கில மருந்துக் கடையில் அஸ்வகந்தா கேப்ஸ்யூல் என்று மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன. மூன்றும் ஒன்றா? எவ்வளவு, எத்தனை நாள்? யாருக்கு ஆகாது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். 'எனக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை' என்பது மட்டும் வேண்டாம்.

சித்தமருத்துவன்

மூன்றும் ஒன்றல்ல. குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது.

பொடி என்பது வெறும் வேர். ஆயுர்வேத மருந்தியல் நூல் அதற்குச் சொல்லும் நாள் அளவு 3 முதல் 6 கிராம். சூரணம் கூட்டு மருந்து. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரட்டிப்பு. மொத்தம் 255 பங்கு. ஆக 5 கிராம் சூரணத்தில் அமுக்கரா ஒன்றேகால் கிராம்தான் இருக்கிறது. சர்க்கரை இரண்டரை கிராம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்து ஒரு கிராமுக்குச் சற்று மேல். சர்க்கரை நோயாளிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரவில் நெஞ்செரிச்சல் வருகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த திரிகடுகத்தை வெறும் வயிற்றில் படுக்கும் நேரத்தில் போட்டால் எரிச்சலே எழுப்பிவிடும். பித்த உடம்புக்காரர்களுக்குத் தூக்கத்துக்காகக் கொடுப்பதானால், சூரணத்தை விட்டுச் சுத்தி செய்த வேர்ப்பொடியைப் பாலில் கொடுப்பதே சரி.

சுத்தி என்பது பிட்டவியல். பாத்திரத்தில் பாலும் நீரும் ஊற்றி, வாயைத் துணியால் வேடு கட்டி, அதன்மேல் பொடியைப் பரப்பி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து ஆவியில் அவிக்க வேண்டும். பிறகு நன்றாக உலர்த்தி, இடித்து, துணியில் சலித்து (வஸ்திரகாயம்) எடுக்க வேண்டும். இதில் தவறுவது உலர்த்துவதில்தான். பால் ஆவி ஏறிய பொடியில் ஈரம் தங்கினால் மழைக்காலத்தில் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். சூரணத்துக்கு மரபு சொல்லும் ஆயுள் மூன்று மாதம். பெரிய டப்பாவாக வாங்கி வருடம் முழுக்க வைத்துச் சாப்பிடாதீர்கள்.

கேப்ஸ்யூலில் இருப்பது பெரும்பாலும் செறிவூட்டிய சாறு. லேபிளில் வித்தனோலைடு (அமுக்கராவில் உள்ள வேதிப்பொருள்) இத்தனை விழுக்காடு என்று போட்டிருப்பார்கள். அதையும் பொடியையும் கிராமுக்குக் கிராம் ஒப்பிடக் கூடாது.

உறக்கவியல்

ஐயா சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்கிறேன், அதுவே என் வாதத்துக்குப் போதும்.

தூக்கமின்மைக்கு அஸ்வகந்தா என்று பேசுபவர்கள் அதிகம் காட்டுவது 2019இல் இந்தியாவில் 60 பேரிடம் நடந்த ஆய்வு. 300 மி.கி. வேர்ச்சாறு, நாளைக்கு இருமுறை, பத்து வாரம். ஐந்து விழுக்காட்டுச் சாறு என்றால் ஒரு நாளைக்கு 30 மி.கி. வித்தனோலைடு. சாதாரண வேரில் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. அரை விழுக்காடு என்று வைத்தாலும் 30 மி.கி. வர 6 கிராம் வேர் வேண்டும். சூரணமாகச் சாப்பிட்டால் 24 கிராம், அதில் 12 கிராம் சர்க்கரை. ஆய்வு செய்தது ஒரு பொருள், வீட்டில் ஒரு டீஸ்பூன் போடுவது வேறொரு பொருள். ஆய்வின் பெயரைச் சொல்லிச் சூரணத்தை விற்கக் கூடாது.

அந்த ஆய்வின் முடிவையும் பார்ப்போம். பத்தாவது வாரத்தில் படுத்ததிலிருந்து தூங்குவதற்கு ஆன நேரம் மருந்துக் குழுவில் சுமார் 29 நிமிடம், போலி மாத்திரைக் குழுவில் சுமார் 34. வித்தியாசம் ஐந்து நிமிடம். போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தூக்கம் கூடியது. இரண்டு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிற மனிதருக்கு இந்த ஐந்து நிமிடம் பதிலாகாது.

சித்தமருத்துவன்

ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், டாக்டர். 2021இல் ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 400 பேரை, சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு வந்தது. பலன் சிறியது, ஆனால் உண்டு என்பது அதன் முடிவு. தூக்கமின்மை உள்ளவர்களிடமும், நாளைக்கு 600 மி.கி. அல்லது அதற்கு மேல், எட்டு வாரம் அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களிடமும் பலன் தெளிவாகத் தெரிந்தது. மூன்று நாள் போட்டுவிட்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்று டப்பாவைத் தூக்கிப்போடுகிறவர்களுக்கு இதுதான் பதில். இது தூக்க மாத்திரை மாதிரி அன்றிரவே அடித்துப்போடும் சரக்கு அல்ல.

வித்தனோலைடை மட்டும் எண்ணி அளவு போடுவதையும் நான் ஏற்கவில்லை. ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தார் 2017இல் எலிகளில் பார்த்தபோது, தூக்கம் தந்தது இலையின் நீர்ச்சாற்றில் உள்ள டிரைஎத்திலீன் கிளைகால் என்ற வேறொரு வேதிப்பொருள். ஆல்கஹாலில் எடுத்த, வித்தனோலைடு நிறைந்த சாறு தூக்கம் தரவில்லை. அப்படியிருக்க, லேபிளில் உள்ள விழுக்காட்டைக் கொண்டு வேர்ப்பொடியை மட்டம் தட்டுவது எப்படி நியாயம்?

மருந்துச்சீட்டு

அதையே திருப்பிப் பாருங்கள். தூக்கம் தருவது எது என்றே உறுதியில்லை என்றால், எந்த டப்பாவில் அது எவ்வளவு இருக்கிறது என்று யார் சொல்வது? எலியில் இலைச்சாறு வேலை செய்தது என்று படித்துவிட்டு யாரும் இலையைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். ஆயுஷ் அமைச்சகம் 2021இலேயே இலையைத் தவிர்த்து வேரை மட்டும் பயன்படுத்தச் சொல்லி அறிவுறுத்தியது. லேபிளில் 'வேர் மட்டும்' என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் 'அஸ்வகந்தா சாறு' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

இனி கல்லீரல். ஐஸ்லாந்து, அமெரிக்க நோயாளிகள் ஐந்து பேரைப் பற்றி 2020இல் ஓர் அறிக்கை வந்தது. தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள் காமாலை, கடும் அரிப்பு. ஐவரும் தேறினார்கள். 2023இல் இந்தியாவிலிருந்தே ஒரு தொகுப்பு வந்தது. ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களில் இறப்புகளும் அதில் பதிவாகியுள்ளன. எண்ணிக்கையில் இது அரிதுதான். ஆனால் கொழுப்புக் கல்லீரல், குடிப்பழக்கம் உள்ளவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களில் பலருக்குத் தங்கள் கல்லீரலின் நிலையே தெரியாது.

அடுத்தது தைராய்டு. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. தைராக்ஸின் மாத்திரை எடுப்பவருக்கு அளவு மீறிப் படபடப்பு வரலாம். சுரப்பு கூடுதலாக உள்ளவர் தொடவே கூடாது. அந்தப் படபடப்பே தூக்கத்தைக் கெடுக்கும், அதைத் தணிக்க இன்னும் ஒரு ஸ்பூன் போடுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். சூரணம் என்றால் மிளகும் திப்பிலியும் வேறு இருக்கிறது. அவற்றிலுள்ள பைப்பரின் என்ற காரப்பொருள், ஃபெனிட்டாயின் (வலிப்பு மருந்து), புரொப்ரனலால், தியோபிலின் போன்ற மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் சூரணம் தொடங்கக் கூடாது.

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள் 'இயற்கைக்கு மாறுகிறேன்' என்று மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவது. இரண்டு மூன்று இரவு கண்ணே மூடாது, கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். அமுக்கராவால் அதைத் தடுக்க முடியாது. மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நீமச்சந்தை

சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தைக்கு வரும் வேரில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கத்திலிருந்து வருவது. ராஜஸ்தானின் நாகௌர் சரக்குக்குத் தனி மதிப்பு உண்டு. வேரை ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும், உள்ளே மாவாக வெளுப்பாக இருக்க வேண்டும். நார் நாராகக் கிழிந்தால் முற்றிய கட்டை. அமுக்கராவுக்கென்று ஒரு நெடி உண்டு, அது இல்லாவிட்டால் பழைய சரக்கு. பொடியாக வாங்கினால் இதில் ஒன்றையும் சோதிக்க முடியாது, தண்டும் இலையும் சேர்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வேராக வாங்கி, கழுவி, காயவைத்து, கண்ணெதிரே அரைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காடு

கசகசா, சாதிக்காய் பற்றியும் கேட்கிறார்கள். டென்மார்க் தடை செய்த மருந்தை நாம் ஏன் சாப்பிட வேண்டும் என்றும் ஒருவர் தனிமடலில் கேட்டார்.

சித்தமருத்துவன்

டென்மார்க் 2023இல் தடை செய்தது உண்மை. தைராய்டு, பாலின ஹார்மோன்கள், கருச்சிதைவு பற்றிய அச்சம்தான் காரணம். கர்ப்பத்தில் கூடாது என்பது இங்கும் உள்ள எச்சரிக்கைதான். அதை வைத்து எல்லோருக்கும் நஞ்சு என்று சொல்ல முடியாது. கல்லீரல் பற்றி மருந்துச்சீட்டு எழுதியதை மறுக்க மாட்டேன். தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனையும், தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனையும் பார்க்கச் சொல்வது நியாயம்.

சாதிக்காய் பாலில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். ஐந்து கிராம் அளவுக்குப் போனால் நெஞ்சு படபடக்கும், பிதற்றல், மயக்கம் வரும். தூக்கம் வரவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாத பொருள் அது. கசகசா அபினிச் செடியின் விதை; அதை வளைகுடா நாடுகளுக்கு எடுத்துப்போனால் சிறைக்கே போக நேரலாம்.

உறக்கவியல்

நாள்பட்ட தூக்கமின்மையைத் தொடரவைப்பது பெரும்பாலும் சத்துக் குறைவு அல்ல. தூக்கம் போனதும் மனிதர் செய்யும் ஈடுகட்டல்தான்: சீக்கிரம் படுப்பது, விடிந்தும் கிடப்பது, மதியம் கண் அசருவது. அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2016இலேயே முதல் சிகிச்சையாக மாத்திரையைச் சொல்லவில்லை, தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையைத்தான் சொன்னது. அதன் நடுநாயகம் படுக்கை நேரத்தைச் சுருக்குவது.

இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்: எப்போது படுத்தீர்கள், தோராயமாக எவ்வளவு தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள். பத்துக்குப் படுத்து ஆறுக்கு எழுபவர் சராசரி ஐந்தரை மணி நேரம் தூங்குகிறார் என்றால், படுக்கையில் இருந்த எட்டு மணியில் தூங்கியது ஐந்தரை, அதாவது 69 விழுக்காடு. இனி அவர் படுக்கையில் இருக்க வேண்டியதும் ஐந்தரை மணி நேரமே. எழுவது ஆறு மணி, ஞாயிறானாலும் அதே. படுப்பது பன்னிரண்டரை. ஒரு வாரச் சராசரி 85 விழுக்காட்டைத் தாண்டினால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். தாண்டாவிட்டால் அதே நேரம். எந்த நிலையிலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள், கண் சொருகும்போது திரும்பி வாங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

இது கெட்டுப்போவது எங்கே தெரியுமா? பன்னிரண்டரை வரை விழித்திருக்கச் சொன்னால், ஒன்பதரைக்கே டி.வி. முன் நாற்காலியில் அரைமணி தூங்கிவிடுவார்கள். சேர்த்துவைத்த தூக்கப்பசி அங்கேயே தீர்ந்துவிடும். முதல் இரண்டு வாரம் பகலில் அசதி கடுமையாக இருக்கும். பேருந்து, லாரி ஓட்டுபவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது.

சித்தமருத்துவன்

நல்ல முறை. ஆனால் இதைத் தமிழில் உட்கார்ந்து சொல்லித்தர எத்தனை ஊரில் ஆள் இருக்கிறார்கள்? அந்தக் கடினமான முதல் வாரங்களைத் தாண்ட அமுக்கரா கைகொடுக்கும் என்றால் இரண்டையும் சேர்த்துத் தொடங்குவதில் என்ன தவறு?

உறக்கவியல்

ஒரே வாரத்தில் இரண்டையும் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். தூக்கம் திரும்பியதும் புகழ் டப்பாவுக்குப் போகும், படுக்கை நேர அட்டவணையைக் கைவிடுவார்கள். ஆறு வாரம் அட்டவணை, பிறகும் போதாவிட்டால் அமுக்கரா. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சித்தமருத்துவன்

நானும் இதில் இணங்கவில்லை. கவலையால் தூக்கம் போனவருக்கு ஆறு வாரம் நீண்ட காலம். மருத்துவர் பார்த்து, ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், 300 மி.கி. வேர்ச்சாறு காலை, இரவு உணவுக்குப் பின், குறிப்பேட்டோடு சேர்த்தே தொடங்கலாம் என்பேன்.

மருந்துச்சீட்டு

எந்த வரிசையானாலும் நிறுத்தும் விதியை முதல் நாளே டப்பாமேல் எழுதி ஒட்டுங்கள். அரிப்பு, சிறுநீர் அடர் மஞ்சள், கண் மஞ்சள், பசியே இல்லாமை: அன்றே நிறுத்தி மருத்துவரிடம். வயிற்றுப்போக்கு, குமட்டல் என்றால் உணவுக்குப் பின் மாற்றிப் பாருங்கள், தொடர்ந்தால் நிறுத்துங்கள். எட்டு வாரத்தில் குறிப்பேட்டில் மாற்றமே இல்லை என்றால் அதற்கு மேல் இழுக்க வேண்டாம். மாற்றம் இருந்தாலும் மூன்று மாதத்தோடு நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலான ஆய்வுகள் அதற்கு மேல் போகவில்லை.

குறட்டையோடு மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்களும், படுத்ததும் கால் குடைந்து அசைத்துக்கொண்டே இருப்பவர்களும் இந்த இழையில் உள்ள எதையும் முயல்வதற்கு முன் பரிசோதனைக்குப் போக வேண்டும். முதலாமவர்களுக்கு வேண்டியது தூக்க ஆய்வு. இரண்டாமவர்கள் உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்க வேண்டும். அது 75க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும்கூட.