புதுப்பிப்பு: ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்திற்கு நேரம் கிடைத்துவிட்டது (செங்கோட்டை)

காலையில் காய்கறிச் சந்தை, நண்பகலில் உறவினர் வீட்டு விருந்து, மாலையில் மகளின் பாட்டு வகுப்பு என்று நிரம்பிவிடும் ஞாயிற்றுக்கிழமையில் 5 கிலோமீட்டர் ஓட்டத்தை எங்கே நுழைப்பது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

விடியலுக்கு முன் எழும் யோசனை இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. வகுப்பு நடக்கும் ஒரு மணி நேரத்தை வாசலில் காத்திருந்து கழிக்காமல் அப்பகுதியிலேயே ஓடிவிடுமாறு ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் பலித்தது. மாற்றுச் சட்டையும் துண்டும் இப்போது வண்டியிலேயே இருக்கின்றன. விருந்தில் இரண்டாவது கிண்ணம் பாயசத்தை மறுக்க வேண்டியிருப்பது மட்டுமே வருத்தம்.

எதிர்பாராதது சாலையும் காற்றும். கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் கேரளத்திற்குப் போகும் லாரிகள் ஓயாததால், முதல் நாளே வயலோரச் சாலைக்கு மாறினேன். சாரல் காலத்தில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று, கிழக்கே ஓடத் தொடங்கியவரைத் திரும்பும்போது, அதாவது களைத்த பிறகு, எதிர்த்துத் தள்ளுகிறது. ஆகவே, இங்கே ஓட நினைப்பவர்கள் முதலில் மலையை நோக்கி ஓடுங்கள். திரும்பும்போது காற்றே பாதி வேலையைச் செய்துவிடும்.