போன் வெளிச்சத்தில் என் முகம்: இன்ஸ்டாகிராமை விட்டுவிடலாமா?

நீலமுகம்:
கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவள், இப்போது மதுரையில் ஓவியம்தான் பிழைப்பு. ரெண்டு வருடமாக ஒரே விஷயத்தைத்தான் வரைகிறேன்: ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் முகம். வெளிச்சம் கீழேயிருந்து அடிப்பதால் தாடை வெளுத்து, கண்குழி இருண்டு, தோல் முழுக்க ஒரு செத்த நீலம். அல்ட்ராமரைன் நீலத்தையும் டைட்டானியம் ஒயிட்டையும் மாற்றி மாற்றிக் குழைத்து அந்த நீலத்தைப் பிடிக்கவே ஆறு மாதம் ஆனது.

முதல் படத்தைப் போட்டோ எடுத்தபோது போன் அந்த நீலத்தைத் தப்பு என்று நினைத்துத் தானாகவே மஞ்சளாக்கிவிட்டது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தேன். சோம்பலில் அப்படியே போட்டேன், இதுவரை அதிகம் லைக் வாங்கியது அதுதான். 'அதே மாதிரி வேண்டும்' என்று ஆர்டரும் வந்தது. போன வாரம் கவனித்தேன், என் கை தானாகவே வர்ணத் தட்டில் கொஞ்சம் எல்லோ ஓக்கரைச் சேர்க்கிறது, போனில் நன்றாக வரட்டும் என்று! நான் வரைவது என்னையா, இல்லை போன் திருத்திய ஒருத்தியையா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூரிகையை வைத்துவிட்டு லைக் எண்ணுகிறேன், போன் திரை முழுக்க டர்பன்டைன் கறை. அக்கவுண்டை மூடினால் ஆர்டர் நின்றுவிடும். என்ன செய்யலாம்?

சட்டக்காரன்:
முதலில் கேமராவைச் சரிசெய்யுங்கள், தத்துவம் அப்புறம். எல்லாவற்றையும் கையாலேயே மாற்றக்கூடிய ப்ரோ மோடுக்குப் போய், படத்தின் மேல் விழும் அதே பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, தாள் வெள்ளையாகத் தெரியும்வரை ஒயிட் பேலன்ஸை (நிறத்தை நீலப் பக்கமோ மஞ்சள் பக்கமோ தள்ளும் அமைப்பு) நகர்த்திப் பூட்டிவிடுங்கள். சில போன்கள் முகத்தைக் கண்டால் தோலை வழவழப்பாக்கும், அதையும் அணையுங்கள். லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021லிருந்தே இருக்கிறது.

மணிமேகலை டீச்சர்:
ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமாவைப் பாரும்மா. சின்ன வயதிலேயே புள்ளிகள் கண்முன் பெருகி உலகத்தையே மூடுவதாகத் தோன்றியவர். 1977லிருந்து தோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தானாக விரும்பித் தங்கி, பக்கத்தில் இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போய் வரைந்து வந்தார். 'நான்' என்பது புள்ளிகளுக்குள் கரைந்துபோவதுதான் அவருடைய விஷயமே. ஆனால் அவர் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்துக் கட்டிய அறைகளுக்கு ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, அரை நிமிடம் முக்கால் நிமிடம் என்று அளந்து கொடுக்கும் நேரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தன்னை அழிக்கக் கட்டிய அறையில் ஆளாளுக்குத் தன் முகத்தைப் பிடிக்கிறார்கள். அதற்காக அவர் புள்ளியின் நிறத்தை மாற்றவில்லையே.

கறார்க்கந்தன்:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் குசாமாவுக்கு மாத வாடகைக் கவலை இல்லை. அப்புறம், நோய்தான் கலைக்கு உரம் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. ஓவியர் வான்கா 1889 கோடையில் பிரான்ஸின் செயின்ட்-ரெமி மனநல விடுதியில் நோய் முற்றிக் கிடந்த வாரங்களில் பெரும்பாலும் வரைய முடியவில்லை, கொஞ்சம் தெளிந்த பிறகு செப்டம்பரில் மறுபடி தன் முகத்தை வரைந்தார். தோழி, நீங்கள் கலையைப் பற்றிக் கேட்கிறீர்கள், எனக்கு உங்கள் தூக்கம்தான் இடிக்கிறது. ரெண்டு வருடமாக இரண்டு மணிவரை விழித்திருப்பது சப்ஜெக்ட் இல்லை, டாக்டரிடம் சொல்ல வேண்டியது. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். அக்கவுண்டை மூட வேண்டாம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு வரையுங்கள்.

நீலமுகம்:
எல்லாருக்கும் நன்றி. தாள் வைத்து எடுத்தேன், நீலம் நீலமாகவே வந்தது. நேற்றுப் போட்டேன், லைக்கை மறைத்துவிட்டேன் (சரி, ஒரு தடவை திறந்து பார்த்தேன், நாற்பத்தொன்று). காலையில் அம்மா கூப்பிட்டு, "ஏம்மா மூஞ்சி இப்படி இருக்கு, ராத்திரி தூங்குறியா இல்லையா?" என்றாள். அந்த மஞ்சள் படத்தைப் பார்த்து அவள் ஒன்றும் கேட்டதில்லை. 14416க்கு இன்னும் பேசவில்லை, எண்ணைத் தட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஆர்டர் கொடுத்தவரிடம் முகம் நீலமாகத்தான் வரும் என்று சொல்லியாயிற்று, ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது, பதில் வரவில்லை.