தங்கை செய்த அட்டையைப் பழைய பேப்பரில் போட்டது குற்றமா?

மேடவாக்கத்தான் (விவாதத்தைத் தொடங்கியவர்):

போன மாதம் வேளச்சேரியிலிருந்து மேடவாக்கத்துக்கு வீடு மாற்றினோம். புது வீடு 780 சதுர அடி. சாமான் ஏற்றுவதற்கு முந்தின நாள், ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடந்த வாழ்த்து அட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். என் 40ஆவது பிறந்தநாளுக்குத் தங்கை கையால் செய்து கொடுத்த அட்டையும் அதோடு போனது. தவறுதலாகப் போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்க மனமில்லை. பார்த்துத்தான் போட்டேன். வண்ணக் காகிதப் பட்டைகளைச் சுருட்டி மயில் செய்து, சட்டத்துக்குள் வைத்துக் கொடுத்திருந்தாள். மயிலின் கழுத்து ஒடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தோகையில் ராமபாணப்பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

பால் காய்ச்சிய அன்று வந்தவள் நான்கு சுவரையும் பார்த்துவிட்டு, "அண்ணா, மயில் எங்கே?" என்றாள். உள்ளதைச் சொன்னேன். இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை.

என் கட்சி இதுதான். கடையில் வாங்கிய பொருளைக் கொடுத்தால் அத்தோடு அது பெற்றவருடையது. கையால் செய்த பொருள் அப்படியில்லை. அது கடைசிவரை செய்தவருடையதாகவே இருக்கிறது. நாம் வெறும் காவல்காரர்கள். அவர் வரும்போதெல்லாம் கணக்குக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்யட்டும், கொஞ்சலாம். பெரியவர்கள் இதை நிறுத்திக்கொள்ளலாமே? திட்டுவதென்றால் காரணத்தோடு திட்டுங்கள்.

நெல்லிக்காய்முடிச்சு:

காரணத்தோடே திட்டுகிறேன். போட்டதுகூடப் போகட்டும், "பார்த்துத்தான் போட்டேன்" என்று பால் காய்ச்சிய வீட்டில் நின்று அவளிடமே சொன்னீர்களே, அதற்குத்தான் இரண்டு வாரம். குறைவான தண்டனை.

ஆனால் காவல்காரர் என்று சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நான் 11 வயதில் என் பெரியம்மாவிடம் வயர் கூடை பின்னக் கற்றவள். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சுகள் எல்லாம் கை தானாகப் போடும். உறவில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும் ஒரு கூடை கொடுப்பேன். இரண்டு வருடம் முன்பு கோயம்பேடு சந்தையில், நான் பின்னிய பச்சை மஞ்சள் கூடை முன்பின் தெரியாத ஒரு அம்மாள் கையில் முருங்கைக்காயோடு போய்க்கொண்டிருந்தது. என் கூடைதான், பிடியில் நான் போடும் கூடுதல் சுற்று எனக்குத் தெரியாதா? வாங்கிக்கொண்ட உறவுக்காரி யாருக்கோ கொடுத்திருக்கிறாள், அவர் இன்னொருவருக்குக் கொடுத்திருக்கலாம். எனக்கு வருத்தமே இல்லை. பின்னாலேயே பத்தடி நடந்து பார்த்துவிட்டு வந்தேன்.

மயில் செய்தால் மாட்டித்தான் ஆக வேண்டும். கூடை செய்தால் தூக்கிக்கொண்டு போகலாம். உங்கள் தங்கை செய்த பிழை அந்த அளவுதான்.

கூட்டல்கழித்தல்:

மேடவாக்கத்தான் பக்கம் நான். இதை உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்க்கலாம்.

2012இல் மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஆரியலி ஆகிய மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனை, காகிதத்தை மடித்துக் கொக்கோ தவளையோ செய்வது. அனுபவமே இல்லாதவர்களை மடிக்கச் சொல்லி, உன் பொம்மைக்கு நீயே எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்டார்கள். சராசரியாக 23 சென்ட் வந்தது. அதே பொம்மைகளை மற்றவர்களிடம் காட்டிக் கேட்டால் 5 சென்ட். தேர்ந்த கலைஞர்கள் மடித்ததற்கு அந்த மற்றவர்களே 27 சென்ட் தரத் தயாராக இருந்தார்கள். அதாவது, செய்தவர் தன் கோணல் கொக்கைக் கலைஞரின் கொக்குக்குப் பக்கத்தில் வைக்கிறார். பார்ப்பவருக்கு அது கசங்கிய தாள்.

இந்த 18 சென்ட் இடைவெளியில்தான் குடும்பச் சண்டைகள் நடக்கின்றன.

நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே அருமையான ஏற்பாடு உண்டு: மொய். 501 ரூபாய் உறைக்குள் போகிறது, நோட்டில் பெயர் ஏறுகிறது, யாரும் சுவரில் மாட்ட வேண்டியதில்லை. பூச்சியும் அரிக்காது.

பழையதபால்:

மொய் உறையைப் பற்றிப் பேசியவர் அந்த உறை எங்கிருந்து வந்தது என்று யோசித்தாரா? எங்கள் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, மடித்து, மைதா பசை ஒட்டி, ஒற்றை ரூபாய் நாணயம் பதித்து நாங்களே செய்வோம். கடையில் விற்கும் உறையைவிடத் தடிமனாக இருக்கும். ஒருமுறை உறையின் உட்பக்கத்தில் மணமகன் பெயர் பாதி தெரிந்து, அந்த மணமகனே கையில் வாங்கியதும் நடந்தது. அவர் கல்யாணப் பத்திரிகை அவரிடமே, அவர் மகனின் காதுகுத்துக்கு.

எண்பதுகளில் தை பிறப்பதற்கு முன்னால் பாரிமுனை நடைபாதை முழுக்கப் பொங்கல் வாழ்த்து அட்டைகள். கரும்பு, பானை, உழவன், முருகன், பக்கத்திலேயே எம்.ஜி.ஆர், ரஜினி, கமல். யாருக்கு எந்த அட்டை என்று தேர்ந்தெடுப்பதே ஒரு மாலை வேலை. சித்தப்பாவுக்கு முருகன், அத்தை மகனுக்கு ரஜினி. மாற்றி அனுப்பினால் பொல்லாப்பு. உறையை ஒட்டாமல் உள்ளே செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால்தலைச் செலவு குறைவு. பை நிறையச் சில்லறை இருந்தால் அச்சிட்ட அட்டை. இல்லாவிட்டால் நோட்டு அட்டையில் நாமே வரைவோம். இரண்டும் ஒரே தபால் பெட்டிக்குள்தான் விழுந்தன. கையால் செய்தது உயர்வு, கடையில் வாங்கியது தாழ்வு என்று அப்போது யாரும் பேசிக் கேட்டதில்லை. இந்தப் பெருமையெல்லாம் பின்னால் வந்தது.

அச்சிட்ட அட்டை பிறந்த கதையையும் சொல்கிறேன். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத நேரமில்லை. ஜான் ஹோர்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி 1000 பிரதிகள் அடித்தார். தான் அனுப்பியது போக மீதியை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். கல்லச்சில் அடித்த அந்த அட்டைகளுக்கு வண்ணம் தீட்டியது மட்டும் கை. ஆக, கடை அட்டை என்பதே நேரமில்லாதவன் கண்டுபிடித்தது. மேடவாக்கத்தாருக்கு ஒத்த மனிதர்.

மேடவாக்கத்தான்:

ஹென்றி கோலோடு சேர்த்ததற்கு நன்றி. அவர் தங்கைக்கு என்ன அனுப்பினார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்:

எல்லோரும் வாங்குகிறவர் கஷ்டத்தைப் பேசுகிறீர்கள். செய்கிறவர் கஷ்டத்தை நான் சொல்கிறேன்.

எனக்குக் கைவேலை வரும். வரும் என்பதால் வீட்டில் நடக்கும் ஒவ்வொரு விசேஷமும் என் தலையில் வந்து விடிகிறது. நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. "உனக்குத்தான் இதெல்லாம் விளையாட்டு மாதிரி ஆயிற்றே, 75 தாம்பூலப் பை தைத்துக் கொடுத்துவிடேன்" என்றார்கள். பை ஒன்றுக்கு 20 நிமிடம். 25 மணி நேரம், அலுவலகம் முடிந்து வந்தபிறகு. சௌகார்பேட்டைக்கு இரண்டு நடை போய்ச் சரிகைக் கரை வாங்கியது தனி. அந்தப் பணத்தை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. விழா அன்று பைகளைப் பார்த்த ஒருவர், "கடையில் வாங்கியது மாதிரியே இருக்கிறது" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

தான் விரும்பி ஒருவருக்குச் செய்தால் அது பரிசு. 75 பேருக்குச் செய்யச் சொன்னால் அது சம்பளமில்லாத வேலை. அதை எப்போதும் பெண்களிடமே கேட்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் கணவர் நன்றாகப் படம் வரைவார். அவரிடம் யாரும் ஒரு அட்டைகூடக் கேட்டதில்லை.

இப்போது யார் கேட்டாலும் பைக்கு 60 ரூபாய் என்று சொல்கிறேன். கேட்பது நின்றுவிட்டது.

கூட்டல்கழித்தல்:

மணிக்கு மூன்று பை, 180 ரூபாய். துணியும் கரையும் கழித்தால் உங்களுக்கு நிற்பது அதிகமில்லை. இன்னும் ஏற்றுங்கள்.

முடிச்சூர்வாசி:

2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தபோது வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் நாள் திரும்பி வந்தோம். மரப் பீரோ ஊதிப்போய்க் கதவு திறக்கவில்லை. கல்யாண ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன.

கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள்ளும் தண்ணீர். வாழ்த்து அட்டைகள் கூழாகக் கிடந்தன. ஒன்று மட்டும் பிழைத்தது. என் அண்ணன் எட்டாம் வகுப்பில் செய்து கொடுத்த பொங்கல் அட்டை. ஒரு மாடு வரைந்திருப்பான். மாடு என்று கீழே எழுதியிருப்பதால் மாடு. இல்லாவிட்டால் நாய் என்றுதான் யாரும் சொல்வார்கள். கரும்புக்கு ஸ்கெட்ச் பேனாவில் பச்சை அடித்திருந்தான். அது கரைந்து அட்டை முழுக்கப் பாசி படிந்ததுபோல ஆகிவிட்டது. மாட்டையும் எழுத்தையும் போட்டது பால்பாயின்ட் பேனா. அந்த மை எண்ணெய் சேர்ந்தது என்பதால் தண்ணீரில் கரையவில்லை. "தங்கச்சிக்கு, கரும்பை நானே பாதி சாப்பிட்டுவிட்டேன்" என்ற வரி அப்படியே இருக்கிறது.

துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பட்டாவைக் காயவைத்தார், நான் மாட்டைக் காயவைத்தேன்.

கூட்டல்கழித்தல்:

படித்தேன். மனதைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் வாதமாக எடுத்தால் இதில் ஒரு ஓட்டை உண்டு. அந்தப் பெட்டியில் கூழாகிப்போனவற்றில் கையால் செய்தவை எத்தனை? பிழைத்ததை மட்டும் எண்ணுகிறோம். தவிர, அது 23 சென்ட் கொக்கு அல்ல. கரும்பைத் தின்ற ஒப்புதல் வாக்குமூலம். அதே வரியைக் கடை அட்டையில் எழுதியிருந்தாலும் காயவைத்திருப்பீர்கள்.

முடிச்சூர்வாசி:

காயவைத்திருப்பேன். ஆனால் கடை அட்டையில் அவன் அதை எழுதியிருக்க மாட்டான். உள்ளே ஏற்கெனவே நான்கு வரி அச்சாகியிருக்கும், இவன் கீழே கையெழுத்துப் போட்டிருப்பான். காலியான அட்டை இருந்ததால்தான் என்ன எழுதுவது என்று தெரியாமல் உண்மையை எழுதினான்.

தாள்மடிப்பு:

நான் ஆண்டர்சன் தெருப் பக்கம் பைண்டிங் வேலையில் 22 வருடம் இருந்தவன். நீங்கள் அன்பைப் பற்றிப் பேசுங்கள். மயிலின் கழுத்து ஏன் ஒடிந்தது என்று மட்டும் நான் சொல்கிறேன்.

சுருட்டும் பட்டை 3 மில்லிமீட்டரோ 5 மில்லிமீட்டரோ இருக்கும், அதில் குறையில்லை. அடித்தாளில்தான் கோளாறு. பலரும் சார்ட் தாளில் ஒட்டுகிறார்கள். சென்னைக் காற்றில் ஈரம் ஏறி அது வளையும், ஒட்டியது பெயரும். அடியில் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள அட்டை போட வேண்டும். ஜெராக்ஸ் தாள் 70, 80தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அட்டையை மடிப்பதென்றால் நார் ஓடும் திசையில் மடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் கை எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அதுதான் திசை. மாற்றி மடித்தால் முதுகு வெடிக்கும். மடிக்கும் முன் மை தீர்ந்த பேனாவால் அளவுகோல் வைத்து ஒரு கோடு அழுத்துங்கள். புதுத் தாள் வாங்கத் தேவையே இல்லை. அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை வெட்டிய ஓரத்துண்டு கிடைக்கும். கேட்டால் கொடுப்பார்கள், அல்லது சொற்ப விலை சொல்வார்கள்.

மைதா பசை காய்ச்சினால் பூச்சி வரும். நாங்கள் துளி மயில்துத்தம் கலப்போம். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

என் தீர்ப்பு: பூச்சி பிடித்த அட்டையைக் கழித்தது சரி. மற்ற புத்தகங்களுக்குப் பரவும். ஆனால் போடுவதற்கு முன் தங்கையைக் கூப்பிட்டு, கழுத்து ஒடிந்துவிட்டது, ஒட்டித் தருகிறாயா என்று ஒரு வருடத்தில் ஒருநாள் கேட்டிருக்கலாம். செய்தவருக்குப் பழுது பார்ப்பது அரை மணி வேலை.

மேடவாக்கத்தான்:

பைண்டர் ஐயா சொன்ன கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை.

நேற்று இரவு தங்கை அழைத்தாள். மயிலுக்காக இல்லை. அம்மாவின் கண்புரை அறுவைக்கு யார் எந்த நாள் விடுப்பு எடுப்பது என்று கேட்க. பேசி முடிந்ததும் நானே ஆரம்பித்தேன். பூச்சி, கழுத்து எல்லாம் சொன்னேன். "ஒடிந்தது எனக்குத் தெரியும், போன பொங்கலுக்கே பார்த்தேன், நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன்" என்றாள்.

பிறகு கேட்டாள்: "என் கிரகப்பிரவேசத்துக்கு நீ ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தாயே, அண்ணா. அது எங்கே என்று ஒருநாளாவது கேட்டாயா?"

ஆறு வருடம். எத்தனையோ முறை அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சுவரில் எப்போதும் வேறு கடிகாரம்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது போலிருக்கிறது. நான் பார்த்ததே இல்லை.

பெரியவர்கள் மயில் செய்ய வேண்டாம் என்ற கருத்தில் இன்னும் மாற்றமில்லை. கடிகாரம் எங்கே என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாள்.

கூட்டல்கழித்தல்:

உறை பிரிக்காமல் மூன்று கல்யாணமாவது பார்த்திருக்கும். அடுத்த முகூர்த்தத்துக்கு உங்களுக்கே வரலாம், பின்பக்கம் பாருங்கள்.